ஏற்பி முழுக்க 8 மி.லி.யிலேயே வெளியேறுகிறது, ஏன்?

கேள்வி: மனித பீட்டா-2 அட்ரினலின் ஏற்பி (செல் சவ்வில் இருக்கும் புரதம்), எஸ்எஃப்9 என்ற பூச்சி செல்லில் தயாரித்தது. சவ்வை 1% டிடிஎம்மில் (டிடெர்ஜென்ட், DDM) 4 டிகிரியில் 2 மணி நேரம் கரைத்து, நிக்கல் பிரிப்புக் குழாயில் (column) பிடித்தாயிற்று. ஜெல்லில் பட்டை சுத்தம். அளவைக் கொண்டு பிரிக்கும் சூப்பர்டெக்ஸ் 200 (10/300) குழாயில் ஏற்றினால் 8 மி.லி.யில் ஒற்றை முகடு.

பதில் 1: 8 மி.லி. அந்தக் குழாயின் வெற்றுக் கனஅளவு, அதாவது மணிகளுக்குள் நுழைய முடியாத பெரியவை வெளிவரும் இடம். புரதம் திரண்டுவிட்டது. ஜெல்லில் சுத்தம் என்பதால் மடிப்பு சரி என்று ஆகிவிடாது. டிடிஎம்முடன் 0.2% சிஎச்எஸ் (கொலஸ்ட்ரால் வகைப் பொருள், CHS) சேருங்கள். ஏற்பியில் ஒட்டும் மருந்தான அல்பிரெனலால் 10 மைக்ரோமோலார், சவ்வு நிலையிலிருந்தே எல்லா பஃபரிலும் இருக்கட்டும். கரைப்பதற்கு முன், சிஸ்டீன்களை அடைக்க அயோடோஅசெட்டமைடு 2 மி.கி./மி.லி., இருட்டில் 20 நிமிடம். அப்போது டிடிடி (டைதியோத்ரெய்டால், DTT) கூடாது. கரைத்தபின் 1,00,000 ஜி-யில் சுழற்றினீர்களா? கழுவும் பஃபரில் டிடிஎம் எவ்வளவு?

கேட்டவர்: சுழற்றினேன். கழுவும் பஃபரில் 0.005%.

பதில் 1: அங்கேதான் கோளாறு. டிடிஎம்முக்கு மிசெல் (டிடெர்ஜென்ட் மூலக்கூறுகள் சேர்ந்த உருண்டை) உருவாகும் வரம்பே சுமார் 0.0087%. அதற்குக் கீழே போனால் ஏற்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 0.05%-க்குக் குறையாதீர்கள்.

பதில் 2: குழாயிலேயே படிப்படியாக 0.01% எல்எம்என்ஜிக்கு (இன்னொரு டிடெர்ஜென்ட், LMNG) மாற்றிவிட்டால் இன்னும் நிம்மதி, அது ஏற்பியை விட்டு லேசில் பிரியாது. செறிவூட்ட 100 கிலோடால்டன் வடிகட்டி எடுங்கள். 50-இல் டிடிஎம் மிசெலும் சேர்ந்தே செறியும். பிப்பெட்டில் உறிஞ்சும்போது நுரை தள்ளினால் அதுதான் டிடிஎம் செறிந்ததற்கு அடையாளம்.