நுணுக்குக்காட்டிகளை இயக்க எந்தக் கணினி: விண்டோஸா, லினக்ஸா, ராஸ்பெரி பையா?

கேள்வி: உள்துறைமுகம்

திருகோணமலை ஆய்வுகூடம் ஒன்றுக்குக் கணினி தெரிவு செய்ய வேண்டும். துறைமுகத்து நீரில் பிளாந்தன் (நீரில் மிதந்து வாழும் சிற்றுயிர்கள்) எண்ணுவதும், இரவு முழுக்க நிமிடத்துக்கு ஒரு படம் எடுப்பதும்தான் வேலை. நுணுக்குக்காட்டிகள் மூன்று. முதலாவதில் 5 மெகாபிக்சல் யூஎஸ்பி 3 கமரா. இரண்டாவது தலைகீழ் வகை, மாதிரியைக் கீழிருந்து பார்ப்பது. அதே மாதிரிக் கமராவோடு ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் இணைப்பு வழியாக ஓடும், மாதிரியை நகர்த்தும் மோட்டார் மேடையும் உண்டு. மூன்றாவதில் ஒன்றும் இல்லை, மாணவர்களுக்கானது. லினக்ஸ் போட்டால் செலவு குறையுமா? நுணுக்குக்காட்டியை இயக்கும் மைக்ரோ-மேனேஜர் மென்பொருள் எல்லாத் தளத்திலும் ஓடும்தானே? கரண்ட் அடிக்கடி போய் வரும். ஜன்னலுக்கு வெளியே கடல்.

பதில்: பொருளிவில்லை

மைக்ரோ-மேனேஜர் ஓடும், உங்கள் கமரா ஓடுமா என்பதுதான் கேள்வி. மேடை வெறும் சீரியல் கட்டளை வாங்குவது. அதற்கு எந்தத் தளமும் சரி. கமரா அப்படியில்லை. பெரும்பாலான கமராக்களுக்கு விண்டோஸ் டிரைவர்தான் முழுமையாக வரும். லினக்ஸில் மைக்ரோ-மேனேஜரை மூலநிரலிலிருந்து நீங்களே கட்டவும் வேண்டியிருக்கும். உரிமத்தில் மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும். முதல் இரண்டுக்கும் விண்டோஸ் 11 புரோ போடுங்கள். ஹோம் பதிப்பில் குரூப் பொலிசி (கணினியின் அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாததால், இரவில் தானாக அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆவதைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வாங்க முன் கமராவின் டிரைவர் 11-இல் ஏறுமா என்று பாருங்கள்.

வேகத்தையும் கணக்குப் பாருங்கள். 2592×1944, 16 பிட் என்றால் ஒரு படம் ஏறத்தாழ 10 எம்பி. நிமிடத்துக்கு ஒன்றாக 12 மணி நேரத்துக்கு 7 ஜிபி சொச்சம்தான். எந்தக் கணினியும் தாங்கும். நீந்தும் பிளாந்தனை விநாடிக்கு 20 படமாக எடுத்தால் விநாடிக்கு 200 எம்பி. சுழலும் ஹார்ட் டிஸ்க் அங்கே திணறும், இடையிடையே படம் விடுபடும். எஸ்எஸ்டி கட்டாயம்.

பதில்: சீரியல்வயர்

மேடைக்கு எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப் உள்ள யூஎஸ்பி-சீரியல் மாற்றி வாங்குங்கள். மலிவு மாற்றிகளில் போலிச் சிப் வரும். புது டிரைவர் அதை ஏற்காது, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் நிற்கும். எஃப்டிடிஐயின் லேட்டன்சி டைமர் (வந்த தரவைக் கணினிக்கு அனுப்பு முன் காத்திருக்கும் நேரம்) 16 மில்லிவிநாடியில் இருக்கும், டிவைஸ் மேனேஜரில் அதை 1 ஆக்குங்கள். மேடையிடம் இடம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தாமதம் சேரும். அதே இடத்தில், கணினி அந்த மாற்றிக்குக் கொடுக்கும் கொம் எண்ணையும் நிலையாக்குங்கள். வேறு துளையில் செருகினால் கொம் 3, கொம் 5 ஆகிவிடலாம், அப்போது மைக்ரோ-மேனேஜர் மேடையைக் காணாது.

மேடை பதிலே சொல்லாவிட்டால் முதலில் போட் ரேட் (சீரியல் இணைப்பின் வேகம்), பிறகு கேபிள் பாருங்கள். நேர் கேபிளா, 2-ஆம் 3-ஆம் பின்கள் மாறிய கேபிளா என்று மேடையின் கையேட்டில் இருக்கும்.

ஸ்லீப், யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் (சும்மா இருக்கும் யூஎஸ்பி கருவியை உறங்க வைப்பது) இரண்டையும் நிறுத்துங்கள். இரவுப் படமெடுப்பு நடுவில் நிற்பதற்குப் பெரும்பாலும் இவைதான் காரணம்.

பதில்: நிலாவெளி_பை

மாணவர்களின் நுணுக்குக்காட்டிக்கு ராஸ்பெரி பை 4 என்ற சிறிய ஒற்றைப்பலகைக் கணினி, 4 ஜிபி நினைவகத்தோடு போதும். ராஸ்பெரி பைக்கான 12.3 மெகாபிக்சல் எச்கியூ கமராவைப் பூட்டுங்கள். சென்சரின் மூலைவிட்டம் 7.9 மிமீதான், கண்ணில் தெரியும் வட்டத்தின் நடுப்பகுதி மட்டுமே படத்தில் வரும். ஆகவே படத்தைப் பாதியாகச் சுருக்கும் 0.5 மடங்கு சி-மவுண்ட் அடாப்டர் (கமராவை நுணுக்குக்காட்டியில் பூட்டும் இணைப்பு) வாங்குங்கள். கமராவோடு வரும் 5 மிமீ வளையத்தைக் கழற்றிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கண்ணில் தெளிவாகத் தெரிவது திரையில் மங்கும்.

கரண்ட் போய் வரும் இடத்தில் எஸ்டி கார்ட் சிதையும். படங்களை வெளி எஸ்எஸ்டியில் எழுதுங்கள். பை 4-இல் பற்றரிக் கடிகாரம் இல்லை; இணையம் இல்லாமல் மீண்டும் எழும்பினால் படங்களில் நேரம் பிழையாக விழும். ஒரு டிஎஸ்3231 கடிகார மொடியூல் பூட்டினால் சரி.

உள்துறைமுகம்

முதல் இரண்டுக்கும் ஒரே கணினி போதுமா?

பதில்: பொருளிவில்லை

இரண்டையும் ஒரே நேரத்தில் வேகமாக ஓட்டுவதானால் வேண்டாம். யூஎஸ்பி 3.0-இல் நடைமுறையில் கிடைப்பது விநாடிக்கு 350 முதல் 400 எம்பி. இரண்டு கமராவும் கணினியின் ஒரே யூஎஸ்பி கட்டுப்படுத்தியில் இருந்தால் அதைப் பங்குபோடும். வேறு வழியில்லையென்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் யூஎஸ்பி கார்ட் ஒன்று போட்டு ஒரு கமராவை அதற்கு மாற்றுங்கள். கேபிள் 3 மீற்றருக்கு மேல் வேண்டாம், முன்பக்கத் துளைகளிலும் செருகாதீர்கள். கணினியை ஜன்னலோரம் வைக்காதீர்கள், விசிறி உப்புக் காற்றை உள்ளே இழுத்து இணைப்புகளை அரிக்கும். நுணுக்குக்காட்டி மேசையிலும் வேண்டாம், விசிறியின் அதிர்வு 100 மடங்கு எண்ணெய்ப் பொருளியில் (மாதிரிக்கும் வில்லைக்கும் இடையே எண்ணெய் விட்டுப் பார்க்கும் வில்லை) படத்தை நடுங்க வைக்கும். கணினி, கமரா, மேடைக் கட்டுப்படுத்தி மூன்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் கொடுங்கள். மேடை மட்டும் அணைந்து எழும்பினால் அதன் பூச்சிய இடம் தொலைந்து, மிச்ச இரவு முழுக்கப் பிழையான இடத்தையே படமெடுக்கும்.