செம்புக் குடத்துத் தண்ணீர் செர்ரி இறாலுக்கு ஆகாதா?

நெல்லைச் செல்வி:
வணக்கம். 30 லிட்டர் தொட்டியில் செர்ரி இறால் நாற்பதுக்கு மேல் வைத்திருந்தேன். கூடவே ஆறு கப்பி மீன். ஒரு மாதமாகத் தினம் ஒன்று இரண்டு என்று இறால் செத்துக்கொண்டே இருக்கிறது. இன்று காலை எண்ணினேன், பதினொன்றுதான். முதலில் பாசி மேய்வதை நிறுத்துகின்றன, அப்புறம் மூலையில் ஒதுங்குகின்றன. பாதிக்கு மேல் தோல் உரிக்கும்போதே, பழைய ஓடு கழன்றும் கழலாமலும் போய்விட்டன. வயிற்றில் முட்டை சுமந்த ஒன்றும் போனது. நத்தைகள் ஓட்டை மூடிக்கொண்டன. கப்பிகளுக்கு ஒன்றும் இல்லை. அம்மோனியா பார்த்தேன், பூஜ்யம். மருந்து எதுவும் போடவில்லை.

ஒரே மாற்றம், வெயிலுக்குத் தொட்டி வற்றுவதால் வாரம் 3 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறேன். அம்மா ராத்திரி செம்புக் குடத்தில் பிடித்து வைப்பது. வீட்டில் எல்லாரும் அதைத்தான் குடிக்கிறோம். அதுவா காரணம்?

பாசித்தொட்டி:
அதுதான் சகோதரி. இப்போதே நிறுத்துங்கள். மீன் பிழைத்து, இறாலும் நத்தையும் மட்டும் போனால் செம்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எனக்கும் நடந்தது. மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்ததென்று கடையில் கொடுத்த மருந்தை ஊற்றினேன். அதில் இருந்தது மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட். விடிவதற்குள் ஒரு இறால் மிச்சமில்லை. செம்பு அளக்கும் சோதனைக் குப்பி வாங்கிப் பார்த்து 'பூஜ்யம்' என்று நம்பிவிடாதீர்கள். பல குப்பிகளில் முதல் படியே லிட்டருக்கு 0.25 மில்லிகிராம். அவ்வளவு ஏறும்வரை இறால் தாங்காது.

மரக்காணத்தான்:
இறால் பொரிப்பகத்தில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன் தங்கச்சி.

இறாலுக்குச் செம்பு வேண்டும். நம் ரத்தத்தில் இரும்பு செய்கிற வேலையை அதன் ரத்தத்தில் ஹீமோசயனின் என்ற செம்புப் புரதம் செய்கிறது. ஆக்சிஜன் ஏறினால் அது நீலமாகும். அந்தச் செம்பு தீனியிலிருந்தே போதுமான அளவு கிடைத்துவிடும். தண்ணீரில் கரைந்த செம்பு செவுள் வழியாக நேரே ஏறுகிறது. உடம்பில் சோடியத்தைப் பிடித்து வைக்கும் நொதியை அது முடக்கிவிடும். உப்பு கசிந்துகொண்டே போகும், இறால் சோர்ந்துவிடும். தோல் உரிக்கும்போது தண்ணீரை உறிஞ்சித்தான் உடம்பை உப்ப வைத்துப் பழைய ஓட்டைக் கழற்ற வேண்டும், புது ஓடும் மென்மையாக இருக்கும். ஏற்கெனவே தளர்ந்தது அந்த நேரத்தில்தான் சாகும். நீங்கள் எழுதியது அப்படியே அதுதான்.

கணக்கும் பாருங்கள். செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்த தண்ணீரில் லிட்டருக்கு 177 மைக்ரோகிராம் அளவுக்குச் செம்பு ஏறியது என்று 2012இல் வந்த ஒரு பெங்களூர் ஆய்வு சொல்கிறது. மனிதருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம், அதனால் அம்மா குடிப்பதில் தப்பே இல்லை. ஆனால் 3 லிட்டரை 30 லிட்டரில் ஊற்றினால் வாரம் லிட்டருக்கு 18 மைக்ரோகிராம் கூடும். தண்ணீர் ஆவியாகும், செம்பு போகாது. கொஞ்சம் மண்ணிலும் செடியிலும் ஒட்டினாலும் நாலு வாரத்தில் எழுபதை நெருங்கலாம். கால்சியம் குறைந்த மென்னீரில் லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராமே, இறாலின் சிறு உறவான டாப்னியா என்ற நீர்த்தெள்ளைக் கொன்றுவிடும். ஆர்.ஓ. தண்ணீர் மென்னீர்தான். கால்சியம் இருந்தால் செவுளில் செம்போடு போட்டியிட்டு ஓரளவு தடுக்கும், உங்கள் தொட்டியில் அந்தத் துணையும் குறைவாக இருக்கலாம்.

தினம் பத்தில் ஒரு பங்கு மாற்றுங்கள். போர் தண்ணீரைக் கலந்துகொள்ளுங்கள். பித்தளைக் குழாயென்றால் முதலில் வருவதை விட்டுவிட்டுப் பிடியுங்கள். வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள், உலர்ந்த நாட்டு வாதாம் இலை ஒன்றும் போடலாம். இலையின் சாறு செம்பைப் பிடித்துக்கொள்ளும். பொரிப்பகத்தில் இதற்கு ஈடிடிஏ என்ற, செம்பைக் கட்டிப்போடும் வேதிப்பொருளைப் போடுவோம். வீட்டில் அது வேண்டாம், மாற்றுவதே சரி.

நெல்லைச் செல்வி:
அண்ணே, மூன்று வாரம் ஆகிவிட்டது. எட்டு இருக்கின்றன, கடைசிப் பத்து நாளில் ஒன்றும் போகவில்லை. நேற்று முழுசாக ஒரு ஓடு கிடந்தது. பதறிப்போய்த் தேடினேன், உரித்தது வாதாம் இலைமேல் மேய்ந்துகொண்டிருந்தது. நத்தை ஒன்றுதான் வெளியே வந்திருக்கிறது. அம்மா குடத்துக்குப் பக்கத்தில் தொட்டிக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்துவிட்டார்.