17.6 மி.மீ. கத்தியை 6/8 என்று விற்கலாமா?

கால்மில்லி:
பழைய சவரக்கத்தியை இணையத்தில் விற்பவர் தலைப்பில் "6/8" என்று போடுகிறார், அதாவது முதுகிலிருந்து வாய் (வெட்டும் ஓரம்) வரை அகலம் ஓர் அங்குலத்தில் எட்டில் ஆறு பங்கு. வாங்கியவர் வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்தால் 17.6 மி.மீ. காட்டுகிறது. ஒருவர் "அளவு பொய்" என்கிறார், மற்றவர் "நூறு வருஷக் கத்திக்கு இதெல்லாம் சகஜம்" என்கிறார். என்னைக் கேட்டால் இது அளவுப் பிழைதான். பணத்தைத் திருப்பிக் கேட்பது நியாயம்.

அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு 3.175 மி.மீ. அந்தக் கணக்கில் 5/8 என்பது 15.9, 11/16 என்பது 17.5, 6/8 என்பது 19.05, 13/16 என்பது 20.6, 7/8 என்பது 22.2. இப்போது 17.6 எதற்குப் பக்கத்தில் இருக்கிறது? 20.3 இருந்தால் மறக்காமல் 13/16 என்று எழுதத் தெரிகிறவர்களுக்கு 17.6 வரும்போது மட்டும் பதினாறின் பின்னம் மறந்துபோகிறது.

பழைய இரும்பு:
ஐயா, 6/8 என்பது சட்டை சைஸ் மாதிரி ஒரு பெயர். கத்தி பட்டறையை விட்டு வெளியே வந்த அன்றைக்கு என்ன வகையோ அதுதான் அதன் வகை. அதிலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க் கத்திகளைச் சக்கரத்தில் வைத்துக் கையால் அரைத்த காலத்தில் ஒரே முத்திரை, ஒரே மாடல், இரண்டு கத்தி எடுத்தால் அரை மில்லி வித்தியாசம் அப்போதே இருந்திருக்கும். அதற்குப் பிறகு எத்தனை கை, எத்தனை கல்! தேயாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

வாங்குகிறவர்களும் "6/8" என்றுதான் தேடுகிறார்கள். "17.6" என்று யாரும் தட்டுவதில்லை. ஒன்றரை மில்லி குறைந்ததால் தாடி மழிக்காமலா போகும்?

சாணைக்காரர்:
மழிக்கும். ஆனால் எப்படி மழிக்கும் என்பதில்தான் விஷயம். இந்தக் கத்தியைத் தீட்டும்போது முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படுகின்றன. கோணத்தை நாம் வைப்பதில்லை, முதுகின் தடிமனும் அகலமும் சேர்ந்து வைக்கின்றன. அதனால் அகலம் குறைந்தது என்று மட்டும் சொன்னால் பாதித் தகவல்தான்.

புதிதாக இருந்தபோது 19 மி.மீ. இருந்த கத்தி என்று வையுங்கள். முதுகு கல்லைத் தொடும் கோட்டிலிருந்து வாய் வரை 18, அந்தக் கோட்டில் தடிமன் 5.4. தடிமனில் பாதி 2.7, அதை 18ஆல் வகுத்தால் 0.15. அந்த சைனுக்குரிய கோணத்தை இரட்டித்தால் ஏறக்குறைய 17.3 டிகிரி. இனி மொத்த அகலம் 17.6க்கு வந்துவிட்டது, தொடுகோட்டிலிருந்து 16.6. முதுகு தேயவே இல்லையென்றால் கோணம் 18.7. அதே முதுகு 4.6க்குத் தேய்ந்திருந்தால் 15.9. இரண்டு கத்தியும் 17.6தான். முதலாவது கொஞ்சம் மொண்ணையாக இழுக்கும். இரண்டாவதில் நுனிவாய் பொடிப்பொடியாக உதிர வாய்ப்பு உண்டு, முதுகில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டித் தீட்ட வேண்டியிருக்கும். டேப் ஒரு பக்கத்துக்கு 0.15 மி.மீ. என்று வைத்தால் கோணம் ஒரு டிகிரி ஏறி 17ஐத் தொடும். முதலாவதற்கு அப்படி எளிய வைத்தியம் கிடையாது. முதுகை அரைத்துக் குறைத்தால்தான் உண்டு, அதற்குத் துணிகிறவர்கள் குறைவு.

பழைய இரும்பு:
பார்த்தீர்களா, நீங்களே என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள். அகலம் ஒன்றையும் சொல்லவில்லை என்றால் அதற்காக ஏன் சண்டை?

சாணைக்காரர்:
ஒன்றும் சொல்லவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? தனியாகப் போதாது என்றேன். அகலம், முதுகுத் தடிமன் இரண்டையும் கொடுத்தால் வாங்குகிறவர் கோணத்தைக் கணக்குப் போட்டுக்கொள்வார். நீங்கள் இரண்டில் ஒன்றைக்கூடச் சரியாகத் தராமல் "சைஸ் பெயர்" என்கிறீர்கள். முதுகில் தீட்டிய தட்டை எவ்வளவு அகலம் என்றும் பாருங்கள். ஒரு மில்லி, ஒன்றரை மில்லி என்றால் சாதாரணத் தேய்மானம். மூன்று மில்லி பளபளப்பாகத் தெரிந்தால் அது 6/8ஆகப் பிறந்த கத்தி என்பதைச் சொல்வதே வாங்குபவரைத் திசை திருப்புவது. பிறந்தபோது என்னவாக இருந்தது என்பதை வைத்து யாரும் முகம் மழிப்பதில்லை.

மூன்றாம் கண்:
இந்தத் தகராறுகளில் பாதி தேய்மானத்தால் வருவதில்லை, அளக்கும் விதத்தால் வருகிறது. விற்பவர் வயிறு புடைத்த வாய் உள்ள கத்தியின் நடுவில் அளக்கிறார், வாங்கியவர் மூக்குப் பக்கத்தில் (நுனியில்) அளக்கிறார். இரண்டுக்கும் ஒரு மில்லி தாராளமாக வித்தியாசப்படும். வாய் நடுவில் குழிந்து போயிருந்தால் நிலைமை தலைகீழ்: ஓரங்களில் அகலம், நடுவில் குறைவு. அப்போது ஓரத்தில் மட்டும் அளந்து எழுதுவது ஏமாற்று வேலைதான். வெர்னியரைச் சாய்த்துப் பிடித்தாலும் கூடுதலாகக் காட்டும், பத்து டிகிரி சாய்ந்தால் 18 மி.மீ. 18.3 ஆகும். தண்டை (பிளேடையும் பிடியையும் இணைக்கும் பகுதியை) ஒட்டியிருக்கும் தடித்த பகுதியின் மேல் அளப்பதும் தப்பு.

இதற்கெல்லாம் முடிவு, மூன்று இடத்தில் அளப்பது: அடியிலிருந்து (பிடிப் பக்கம்) 10 மி.மீ. தள்ளி, நடுவில், மூக்கிலிருந்து 10 மி.மீ. உள்ளே.

பழைய இரும்பு:
அளவுகோல் வைத்துப் படமே போட்டிருக்கிறார்களே. கண்ணால் பார்த்து வாங்கியவருக்கு அப்புறம் என்ன புகார்?

மூன்றாம் கண்:
படம்தான் பெரிய வில்லன். கத்தியைத் திறந்து மேசையில் வைத்தால் அது பிடியின் மேல் படுத்திருக்கும். பிடியின் மொத்தத் தடிமன் எட்டிலிருந்து பத்து மில்லி, பிளேடு அதன் நடுவில். ஆகவே பிளேடு மேசையிலிருந்து நாலைந்து மில்லி உயரத்தில் மிதக்கிறது, ஸ்கேல் மேசையோடு ஒட்டிக் கிடக்கிறது. மொபைலை 20 செ.மீ. உயரத்தில் பிடித்து எடுத்தால், 5 மி.மீ. உயரத்தில் இருக்கும் பிளேடு இரண்டரை சதவீதம் பெரிதாகத் தெரியும். 18.5 மி.மீ. கத்தி படத்தில் 18.97. கச்சிதமாக 6/8! விற்பவர் பொய் சொல்லவில்லை, கேமரா சொல்கிறது. ஸ்கேலுக்கு அடியில் நாலைந்து அட்டை வைத்து பிளேடின் உயரத்துக்குக் கொண்டு வாருங்கள், மொபைலை அரை மீட்டர் தள்ளி வைத்து ஜூம் செய்து எடுங்கள். பிழை கிட்டத்தட்டக் காணாமல் போகும்.

கால்மில்லி:
இது நல்ல விளக்கம். ஆனால் படம் தவறு என்பதால் தலைப்பு சரி என்று ஆகாது.

பழைய இரும்பு:
சரி, வாங்குகிறவர்கள் பக்கமும் கொஞ்சம் பேசுவோம். டிஜிட்டல் காலிப்பரைப் பின்னத்தில் வைத்து அளக்கிறார்கள். "47/64" என்று காட்டுகிறது. 6/8 வரவில்லையே என்று உடனே புகார். 47/64 என்பது 18.65 மி.மீ., அதாவது 6/8க்கு 0.4 மில்லிதான் குறைவு. பாதிப் பேருக்கு 6/8ம் 3/4ம் ஒன்று என்பதே தெரியாமல் "நான் கேட்டது 6/8, வந்தது 3/4" என்கிறார்கள். இதற்கும் பணம் திருப்பித் தரணுமா?

அதைவிட மோசம் இன்னொன்று. எஃகுத் தாடையை ஃபுல் ஹாலோ (இரு பக்கமும் ஆழமாகக் குழித்து அரைத்த) கத்தியின் வாயில் வைத்து அழுத்துகிறார்கள். வாய் அங்கே முடியைவிட மெல்லியது. ஒரு சில்லு பெயர்கிறது. பிறகு "அளவு சரியில்லை" என்று திருப்பி அனுப்புகிறார்கள். பெட்டியைத் திறந்தால் விற்றபோது இல்லாத பல்லு. அந்த நஷ்டம் யாருக்கு?

சாணைக்காரர்:
இந்த இடத்தில் அவர் சொல்வது நியாயம். வாயில் இரும்பு படவே கூடாது. காலிப்பரின் இரண்டு தாடையிலும் காகித டேப் ஒரு சுற்று ஒட்டி, மூடி, பூஜ்யப் பொத்தானை அழுத்துங்கள். டேப்பின் தடிமன் கழிந்துவிடும். முதுகை நிலையான தாடையில் சாய்த்து, நகரும் தாடையை வாய் வரை மெல்லக் கொண்டுபோய், தொட்டதும் நிறுத்துங்கள். கத்தியை இழுத்து எடுக்க வேண்டாம், தாடையைத் திறந்து எடுங்கள். காலிப்பரே வேண்டாம் என்றால் கிராஃப் தாளில் ஒரு மரக்கட்டையை வைத்து முதுகை அதில் அணைத்து, வாய் நிற்கும் கோட்டை மூலைமட்டத்தால் இறக்கிக் குறித்தால் அரை மில்லிக்குள் வரும். திருப்பி அனுப்பும் சண்டைக்கு அரை மில்லி துல்லியம் போதும்.

விற்கிறவர் வாயை அடி முதல் மூக்கு வரை நெருக்கமாகப் படம் எடுத்து வைத்திருந்தால் பல்லு எங்கே விழுந்தது என்ற கேள்வியே எழாது.

கால்மில்லி:
அப்படியானால் எல்லை எங்கே? நடுவில் அளந்தது சொன்னதிலிருந்து அரை மில்லிக்குள் என்றால் சரி, 0.8க்கு மேல் போனால் பிழை என்பேன். 0.8 ஏன் என்றால், 6/8க்கும் 11/16க்கும் இடைவெளி 1.59, அதில் பாதி 0.8. அதற்குமேல் குறைந்தால் அது அடுத்த அளவின் வீட்டுக்குள் போய்விட்டது. 47/64 தப்பித்துவிடும், 17.6 தப்பாது.

பழைய இரும்பு:
பாதி இடைவெளி என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பதினாறாம் பங்கை எல்லோரும் பயன்படுத்துவதில்லை. எட்டாம் பங்கு மட்டும் பார்த்தால் பாதி 1.59. அந்தக் கணக்கில் 17.6 இன்னும் 6/8தான், 17.4 தான் 5/8.

கால்மில்லி:
அப்படி என்றால் 17.4ஐ 5/8 என்று எழுதி விற்பீர்களா?

பழைய இரும்பு:
...அதை 11/16 என்று எழுதுவேன்.

மூன்றாம் கண்:
:) இதற்கு மேல் என்ன வேண்டும்.

பழைய இரும்பு:
சரி சரி. தலைப்பில் 6/8 வகை என்று தேடுகிறவர்களுக்காகப் போடுவேன், அதை விடமாட்டேன். விவரத்தின் முதல் வரியிலேயே "அடி 17.9, நடு 17.6, மூக்கு 17.2, முதுகு 4.8, முதுகுத் தட்டை 1.4" என்று மில்லியில் வந்துவிடும். தண்டில் அடித்திருக்கும் எண்ணைப் பார்த்து அளவு என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் மாடல் எண் என்றும் ஒரு வரி சேர்க்கணும். ஸ்வீடன் கத்தித் தயாரிப்பாளர் ஹெல்யெஸ்ட்ராண்டின் 31ஐ அளவோடு குழப்பிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கால்மில்லி:
"வகை" என்ற சொல்லைத் தலைப்பிலேயே போடுவீர்களா, விவரத்துக்குள் ஒளிப்பீர்களா?

பழைய இரும்பு:
தலைப்பில் எழுத்து எண்ணிக்கைக்கு இடம் இருந்தால்.

கால்மில்லி:
இடம் இல்லையென்றால் 6/8ஐ எடுத்துவிட்டு 17.6 போடுங்கள். நாலு எழுத்துதான் ஆகும்.