கடலூர்: தலையைச் சுவரில் மோதும் 5 வயது மகன், உதவி தேவை

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். மகனுக்கு 3 வயதில் ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். இன்னும் பேச்சு வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துக் குடத்தருகே இழுத்துப் போவான். இரண்டு மாதமாக மிக்ஸி, குக்கர் சத்தம் கேட்டாலே தலையைச் சுவரில் மோதுகிறான். நெற்றி வீங்கிவிடுகிறது. அடம் என்கிறார்கள் உறவினர்கள். அடம் இல்லை, சொல்ல அவனுக்கு வேறு வழியில்லை.

காது, பல் டாக்டரிடம் காட்டியாயிற்று, குறை எதுவும் இல்லை. புதுச்சேரியில் ஒரு தெரபி மையத்துக்கு வாரம் இரண்டு நாள், எட்டு மாதம் பஸ்ஸில் போய் வந்தோம். அவனை மட்டும் உள்ளே அழைத்துப் போவார்கள், எங்களுக்கு எதுவும் சொல்லித் தரவில்லை. அப்புறம் வேண்டியதைக் காட்டிக் கேட்கப் படஅட்டை, சத்தத்தைக் குறைக்க ஹெட்போன் முயன்றோம். ஹெட்போனைப் பிடுங்கி எறிகிறான். மோதுவதற்கு முன்னும் பின்னும் நடப்பதைத் தினமும் நோட்டில் எழுதுகிறேன்.

பெற்றோரையும் கூட உட்காரவைத்துப் பயிற்சி தரும் பிகேவியர் தெரபிஸ்ட் (நடத்தைப் பயிற்சி நிபுணர்) கடலூரிலோ புதுச்சேரியிலோ யாரையாவது தெரியுமா?