மறு: சலவை மெஷின் முகப்பில் 'கோல்ட், வோர்ம், ஹொட்': தமிழில் என்ன போடலாம்?

> கொட்டாஞ்சேனையிலிருந்து:
> மெஷினின் முகப்புத் தகட்டிலும் கைந்நூலிலும் மூன்று மொழியும் வரவேண்டும். இப்போதைக்கு 'குளிர், வெதுவெதுப்பு, சூடு' என்று போட்டிருக்கிறேன். 'வோஷ் டெம்பரேச்சர்' என்பதற்குக் 'கழுவும் வெப்பநிலை'. இதைவிட நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

தம்பி, 'கழுவும்' வேண்டாம். கோப்பையைக் கழுவுவோம், மீனைக் கழுவுவோம். உடுப்பைத் தோய்ப்பதுதானே வழக்கம்? 'தோய்ப்பு வெப்பநிலை' என்று போடுங்கள், ஒருவருக்கும் விளங்காமல் போகாது.

'குளிர்' தான் எனக்குக் கூடுதலாக இடிக்கிறது. கொழும்பில் குழாய்த் தண்ணீர் 27, 28 பாகைக்குக் கிட்ட நிற்கும். மொட்டைமாடியில் கறுப்புத் தாங்கி உள்ள வீடென்றால், சித்திரை வெயிலில் பின்னேரம் மூன்று மணிக்குக் குழாயின் கீழே கையை நீட்டிப் பாருங்கள், முதல் வாளி சுடும். அந்தத் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டு முகப்பில் 'குளிர்' என்று எழுதி வைக்கிறோம். இதே மெஷின் நுவரெலியாவுக்குப் போனால் குழாயில் வருவது உண்மையிலேயே கை விறைக்கும் தண்ணீர். இரண்டு ஊரிலும் அந்தப் பொத்தான் செய்வது ஒன்றுதான்: சூடாக்கியைப் போடாமல் விடுகிறது. காய்ச்சாத தண்ணீரை எங்கள் வீடுகளில் என்னவென்று சொல்வோம்? பச்சைத் தண்ணீர். அதையே எடுத்துக்கொள்ளலாம்: 'பச்சைநீர்'. கொழும்புக்கும் பொருந்தும், நுவரெலியாவுக்கும் பொருந்தும்.

சொல் சரியாக இல்லாவிட்டால் பாவனையும் பிழைக்கும். 'குளிர்' என்று கண்டதும், அழுக்குப் போகாது என்று பலர் 40க்குத் திருப்பி விடுகிறார்கள். ஐரோப்பியக் கைந்நூல்கள் '30 பாகையில் தோயுங்கள், மின்சாரம் மிச்சம்' என்று சொல்வது, குழாய்த் தண்ணீர் 10, 15 பாகையில் வரும் ஊர்களுக்கு. எங்களுக்கு அந்த 30 ஏறக்குறையக் குழாயிலேயே வந்துவிடுகிறது. தேங்காயெண்ணெய்க் கறையை எடுத்துப் பாருங்கள். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகையில் உருகும். கொழும்புப் பச்சைநீரில் அது உருகின எண்ணெயாகவே இருக்கும், சவர்க்காரம் பிடித்து இழுத்துவிடும். நுவரெலியாவில் நூலோடு உறைந்து கிடக்கும், அங்கே சூடு வேண்டும்.

செலவையும் பார்ப்போம். ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை ஏற்ற 4.2 கிலோயூல் வேண்டும். முன்கதவு மெஷின் தோய்ப்புக்கு 15 லீற்றர் எடுக்கிறது என்று வைத்தால், 28இலிருந்து 40க்கு ஏற்ற ஐந்தில் ஒரு யூனிற். 60க்கு என்றால் அரை யூனிற்றுக்குச் சற்று மேல். ஒரு தடவைக்குச் சின்னத் தொகைதான். ஆனால் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூட உடுப்புத் தோய்க்கிற வீட்டில், மாதக் கடைசியில் பில் அடுத்த படிக்கு ஏறுவதற்கு இதுவும் துணை போகும்.

அதற்காக எல்லாவற்றையும் பச்சைநீரில் போடச் சொல்லவில்லை. நோயாளியின் படுக்கை விரிப்பு, தூசி உண்ணி ஒத்துக்கொள்ளாதவர்களின் தலையணை உறை, மழைக்காலத்தில் பூஞ்சண மணம் பிடித்த துவாய்: இவற்றுக்கு 60 வேண்டும். இரத்தம், முட்டை பட்டால் நேர் எதிர். சுடுநீர் பட்டதும் புரதம் இறுகி நூலில் ஒட்டிக்கொள்ளும், பச்சைநீர்தான் சரி. சலவைத்தூளில் இருக்கும் நொதியங்களும் கடுஞ்சூட்டில் செயலிழக்கும். மஞ்சள் கறைக்கு இந்தப் பொத்தான் எதுவும் உதவாது. சவர்க்காரம் பட்டதும் சிவந்து பயமுறுத்தும், வெயிலில் போட்டால் வெளிறிவிடும்.

இனிச் சொல்லாக்கத்துக்கு வருகிறேன். உடுப்பின் உள்பக்கம் தைத்திருக்கும் சின்னத் துணித்துண்டில் தொட்டிப் படமும் அதற்குள் 40 என்றும் இருக்கும். சிலவற்றில் எண்ணுக்குப் பதிலாகப் புள்ளிகள்: ஒன்று 30, இரண்டு 40, மூன்று 50, நான்கு 60. அது 'இந்தச் சூட்டில் தோய்' என்ற கட்டளை இல்லை. 'இதற்கு மேலே போகாதே' என்ற எல்லை. மெஷின் குமிழில் இருக்கும் 40 நாங்கள் தெரிவுசெய்வது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதப் போய்த்தான் வீடுகளில் குழப்பம். துணித்துண்டில் இருப்பதைத் 'தாங்குசூடு' என்போமா? துணி தாங்கும் சூடு. குமிழில் இருப்பது தோய்ப்பு வெப்பநிலை.

ஐரோப்பாவில் 2021 முதல் வந்த மெஷின்களில் 'ஈகோ 40-60' என்று ஒரு தெரிவு இருக்கிறது. அங்கே 40, 60 என்பது தண்ணீரின் சூடு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் 40 அல்லது 60 வரை தாங்கும் துணிகளைச் சேர்த்துப் போடலாம் என்பதே அதன் கருத்து. உள்ளே தண்ணீர் அதைவிடக் குறைந்த சூட்டில் நிற்கலாம். தம்பியின் கைந்நூலில் அந்தப் பக்கம் வந்தால் 'தாங்குசூடு 40-60' என்று எழுதட்டும், விளக்கமே வேண்டியதில்லை.

வெள்ளவத்தையிலிருந்து

———

பிள்ளை, 'பச்சைநீர்' எனக்கும் பிடித்தது. ஆனால் இடம் போதாது என்று முகப்பில் 'பச்சை' என்று மட்டும் அச்சடித்தால், பச்சை விளக்கைத் தேடுவார்கள். 'நீர்' கட்டாயம் வேண்டும்.

'தாங்குசூடு' பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. முப்பது வருடமாக வகுப்பில் வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று கத்தியிருக்கிறேன். இப்போது சூட்டைப் பாகையில் அளக்கச் சொன்னால் எப்படி? 'தாங்கு வெப்பநிலை' என்று எழுதினால் என்ன குறை?

தெகிவளையிலிருந்து

———

ஐயா, வகுப்புக்கு நீங்கள் சொல்வதே சரி. ஆனால் காய்ச்சல் வந்தால் 'சூடு நூற்றிரண்டு' என்றுதான் டொக்டரிடமும் சொல்கிறோம், அவரும் மறுப்பதில்லை. கைந்நூலின் உள்பக்கத்தில் 'தாங்கு வெப்பநிலை' இருக்கட்டும். துணித்துண்டில் விரல் நகமளவு இடத்தில் எட்டு எழுத்தை நுழைக்க முடியாது, அங்கே 'தாங்குசூடு'.

'தோய்சூடு' என்று யாரோ தனிமடலில் கேட்டிருந்தார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் யாழ்ப்பாணத்தில் தோய்வது என்றால் தலைக்கு வார்ப்பது. குளியலறையில் ஒட்டிவிடுவார்கள். 'சலவைச் சூடு' ஸ்திரிக்கைப் பெட்டியை நினைப்பூட்டும், அதுவும் வேண்டாம்.

நடுப் பொத்தானுக்கு 'நகச்சூடு' போடலாம். அம்மாமார் குழந்தையின் தண்ணீருக்குச் சொல்லும் சொல், 40 பாகைக்குப் பக்கத்திலேயே வரும். மூன்றாவதுக்குச் 'சுடுநீர்'. 'கொதிநீர்' என்று போடாதீர்கள், 60இல் எதுவும் கொதிக்காது.

வெள்ளவத்தையிலிருந்து

———

எல்லோருக்கும் நன்றி. பச்சைநீர், நகச்சூடு, சுடுநீர் என்று தகட்டுக்கு அனுப்பிவிட்டேன். தாங்குசூடு கைந்நூலில் இரண்டு இடத்தில் வருகிறது, முதல் இடத்தில் தொட்டிப் படத்தையும் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். நகச்சூடு மலையகத்தில் வழக்கில் இருக்கிறதா? ஹற்றன், பதுளைப் பக்கம் யாராவது இருந்தால் அச்சுக்குப் போகுமுன் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு பொத்தானில் 'இளஞ்சூடு' என்று மாற்றிவிடுவேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து