அடிஸ் அபாபாவில் நடனத்தோடு விருந்து: சைவக்கார மாமியாரை அழைத்துப் போகலாமா?

செங்காங்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். ஜூன் லீவில் குடும்பத்தோடு கென்யா போகிறோம். வழியில் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவிலும் தங்குகிறோம். அங்கே ஓர் இரவு 'பாரம்பரிய விருந்தும் நடனமும்' என்று ஏஜென்ட் சேர்த்திருக்கிறார். என் மாமியார் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். மற்றவர்கள் கோழி, ஆடு சாப்பிடுவோம், மாடு கிடையாது. எல்லாரும் ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவார்கள் என்று கேட்டதிலிருந்து அத்தைக்குத் தயக்கம். எனக்கோ, சுற்றுலாக்காரர்களுக்காகவே போடுகிற ஆட்டமாக இருந்தால் எதற்கு என்று தோன்றுகிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

புக்கிட் பாத்தோக் அக்கா:
தாராளமாக அழைத்துப் போங்க தங்கச்சி. வீட்டுக்காரர் வேலையாக நாங்கள் கொஞ்ச காலம் அடிஸில் குடியிருந்தோம். சைவக்காரர்கள் வயிறார வெளியே சாப்பிட அதைப் போல ஊர் கிடைப்பது கஷ்டம்.

அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துவர்களுக்குப் புதன், வெள்ளி இரண்டும் நோன்பு நாள். இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் சேர்க்க மாட்டார்கள். அதனால் முடிந்தால் விருந்தை அந்த நாட்களில் வையுங்க. மற்ற நாளிலும் 'சோம் பெயாய்நெத்து' என்று கேளுங்க, நோன்புச் சாப்பாடு வரும். சிவப்புப் பருப்பு, பருப்பு மாவில் காய்ச்சிய ஷிரோ, கீரை, முட்டைக்கோஸும் உருளையும் என்று இஞ்செரா என்ற பெரிய புளித்த அப்பத்தின் மேல் குவியல் குவியலாக வைத்திருப்பார்கள். ஒன்றை மட்டும் மறக்காதீங்க: நோன்பில் மீன் சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு. மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லணும். உங்கள் பங்குக்கு, கிட்ஃபோ என்பது பச்சை மாட்டிறைச்சிக் கொத்து, அதைத் தவிர்த்துவிடுங்க. கோழிக்கு டோரோ வத். பெர்பெரே மிளகாய்ப் பொடி போட்டது, உள்ளே அவித்த முட்டை கிடக்கும். பன்றி பற்றிக் கவலையே வேண்டாம், அங்கே கிறிஸ்துவர்களும் முஸ்லிம்களும் தொடுவதில்லை.

இஞ்செரா டெஃப் என்ற சிறுதானிய மாவைச் சில நாள் புளிக்கவைத்துச் சுடுவது. நம் ஆப்பத்தைப் பெரிய தாம்பாளம் அளவுக்கு விரித்தது போல, மேலெல்லாம் கண் கண்ணாக இருக்கும். புளிப்பு முதல் வாயில் தூக்கலாகத் தெரியும். பருப்போடு சேர்ந்தால் சரியாகிவிடும். அத்தைக்குத் தனித் தட்டு கேளுங்க, எங்களுக்குக் கேட்டபோதெல்லாம் தந்தார்கள். சாப்பிடும் முன் செம்பும் பாத்திரமும் மேசைக்கே வரும், கையில் நீர் ஊற்றுவார்கள். இன்னொன்று, பிரியத்தைக் காட்ட ஒரு கவளம் உருட்டி நம் வாயிலேயே ஊட்டுவார்கள், குர்ஷா என்று பெயர். அத்தைக்குப் பிடிக்காவிட்டால் நெஞ்சில் கைவைத்துச் சிரித்து மறுத்தால் போதும்.

ஆட்டத்தைச் சுற்றுலாக்காரர்களுக்கானது என்று ஒதுக்காதீங்க. நான் போன கூடங்களில் பாதி மேசை உள்ளூர்க் குடும்பங்கள்தான், பிறந்தநாள், விருந்தாளி வரவேற்பு என்று வந்திருப்பார்கள். அம்ஹாரா மக்களின் எஸ்கிஸ்தா முழுக்கத் தோளில் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே அதிகம் அசையாது, தோளும் கழுத்தும் மட்டும் துடிக்கும். அடுத்து குராகே ஆட்டம் வந்தால் கால்கள் பறக்கும். அந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்க, இல்லையென்றால் எல்லாம் ஒன்றாகத் தெரியும். வருடக்கணக்காகப் பயின்றவர்கள் அவர்கள், முழுக் கவனத்தோடு பார்க்க வேண்டிய கலை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அஸ்மாரி பாடகர்கள். மசின்கோ என்று ஒற்றை நரம்பு வாத்தியம், அதை வில்லால் இழுத்துக்கொண்டே மேசை மேசையாக வந்து உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி அந்த நிமிடமே கட்டிப் பாடுவார்கள். ஒருமுறை பக்கத்து மேசைத் தாத்தாவின் தொப்பியைப் பற்றிப் பாட, கூடமே சிரித்தது. தாத்தா எழுந்துபோய்ப் பாடகர் நெற்றியில் ஒரு நோட்டை ஒட்டினார், வியர்வையில் அது அப்படியே நின்றது! அங்கே அன்பளிப்பு அப்படித்தான். அந்த ஊர்ப் பணமான பிர் நோட்டுகளைச் சில்லறையாகக் கையில் வைத்துக்கொள்ளுங்க.

காப்பிக்கு முன் எழுந்து வந்துவிடாதீங்க. பச்சைக் கொட்டையை உங்கள் முன்னாலேயே வறுத்து, புகையை முகர நீட்டுவார்கள். ஜெபெனா மண்கூஜாவில் காய்ச்சி மூன்று சுற்று ஊற்றுவது முறை.

ஈசூன் தம்பி:
அக்கா சொன்னதே போதும். நைரோபியில் 1980-இல் தொடங்கிய கார்னிவோருக்கும் ஏஜென்ட் கூப்பிட்டால் யோசியுங்கள் சிஸ்டர். பெரிய வாள்களில் குத்திச் சுட்ட இறைச்சியை மேசையிலேயே அறுத்துப் போடும் இடம், மேசைமேல் உள்ள கொடியைச் சாய்க்கும்வரை நிறுத்த மாட்டார்கள். அத்தைக்கு அந்த வாடையே ஆகாது. பிள்ளைகளுக்கு மேளம் அடிக்க ஆசை என்றால் இன்னொரு பயணத்தில் ஜிம்பாப்வேயின் விக்டோரியா அருவிப் பக்கம் போங்கள். போமா என்ற இடத்தில் வாசலிலேயே சிதெங்கே துணியைப் போர்த்தி, அப்புறம் ஆளுக்கொரு மேளம் தருவார்கள்.

செங்காங்வாசி:
ரொம்ப நன்றி அக்கா, தம்பி. வெள்ளிக்கிழமைக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். ஏஜென்ட் அனுப்பிய சீட்டில் 'இரவு 1 மணி' என்று போட்டிருக்கிறதே, அவ்வளவு நேரம் கழித்தா?

புக்கிட் பாத்தோக் அக்கா:
அது இரவு 7 மணியாக இருக்கும் தங்கச்சி. அங்கே பொழுது சாய்ந்ததிலிருந்து மணி எண்ணுவார்கள், நம் கடிகாரத்துக்கு ஆறு மணி வித்தியாசம். ஆனாலும் ஏஜென்ட்டிடம் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்யுங்க. ஊர் 2,300 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, ஜூனில் மழையும் வரும். அத்தைக்குச் சால்வை எடுங்க. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு இப்போதே போங்க. போட்டு 10 நாள் ஆனால்தான் சான்றிதழ் செல்லும். இரண்டு நாடுகளும் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் இருப்பதால் திரும்பும்போது சிங்கப்பூரில் கேட்பார்கள். 60 வயதுக்கு மேல் என்றால் ஊசிக்கு முன் மருத்துவரிடம் பேசியாகணும்.