‘ஸ்கை வியூ ஃபேக்டர்’: தமிழில் எப்படிச் சொல்வது?

அவையோருக்கு வணக்கம்.

நகர வெப்பம் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ‘ஸ்கை வியூ ஃபேக்டர்’ என்பதை ‘வான்காட்சிக் காரணி’ என்று பெயர்த்துவிடுகிறார்கள். இரண்டு பாதியுமே பழுது. காட்சி என்றதும் மொட்டைமாடியிலிருந்து தெரியும் அந்திவானம்தான் மனத்தில் வந்து நிற்கிறது. காரணி என்றால் ஒன்றை உண்டாக்குவது. நாம் குறிப்பதோ 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட ஓர் அளவு: தரையின் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிரில் எத்தனை பங்கு சுவரிலோ மரத்திலோ முட்டாமல் நேரே வானுக்குப் போகிறது என்பது. மறைப்பே இல்லாத பொட்டலில் அது 1. இருபுறமும் 9 மீட்டர் உயரக் கட்டடங்கள் இடைவெளியின்றி நிற்கும் 9 மீட்டர் அகல நெடுந்தெருவின் நடுவில் 0.45.

இது குறையக் குறைய, பகலில் சூடேறிய தார்ச்சாலை இரவில் ஆறச் சுணங்கும். சுவர்கள் அந்தக் கதிரை வாங்கித் திருப்பித் தருவதால் சூடு தெருவுக்குள்ளேயே சுற்றும். ஆகவே ‘வான்திறப்பு விகிதம்’ என்று முன்மொழிகிறேன். தெரு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது சொல்லிலேயே தெரிகிறது.

————

வணக்கம் ஐயா. ‘வான்காட்சிக் காரணி’யைக் கைவிட வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் ‘திறப்பு’, ‘விகிதம்’ இரண்டும் வேறு வகையில் இடறும்.

கட்டட வரைபடத்தில் திறப்பு என்றால் கதவு, ஜன்னலுக்குச் சுவரில் விடும் இடம். யாழ்ப்பாணத்தில் திறப்பு என்றால் சாவி. அங்கே படிக்கும் மாணவருக்கு இந்தச் சொல் முதல் பார்வையில் சிரிப்பைத்தான் வரவழைக்கும்.

‘விகிதம்’ அதைவிட ஆபத்து. தெரியும் வானத்தின் பரப்பைத் தலைக்கு மேல் கவிந்த மொத்த அரைக்கோளத்தின் பரப்பால் வகுத்தது என்று பொருள்பட்டுவிடும். ஆய்வேடுகளில் அதிகம் நடக்கும் பிழையே அதுதான். ஒரு வறண்ட வட்டக் கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆரம் 2 மீட்டர், ஆழமும் 2 மீட்டர். அடித்தரையின் நடுப்புள்ளியிலிருந்து, தலைக்கு நேர் மேலிருந்து எப்பக்கமும் 45 பாகை வரை வானம். அரைக்கோளத்தில் அந்த வானத்தின் பங்கு 29 சதவீதம். அரைக்கோளம் முழுவதையும் ஒரே வட்டப் படமாக்கும் மீன்கண் லென்ஸில் மேல்நோக்கிப் படமெடுத்து பிக்சல்களை எண்ணினால், கோணத்துக்கு நேர்விகிதமாக ஆரம் விரியும் லென்ஸில், 25 சதவீதம். நமக்கு வேண்டிய அளவோ 0.50. ஒரே கிணறு, மூன்று எண்கள்.

காரணம் இது. கிடைத்தரை எல்லாத் திசையிலும் ஒரே அளவு கதிரை அனுப்புவதில்லை. நேர் மேலே அதிகம். சாயச் சாய, செங்குத்துடன் உள்ள கோணத்தின் கொசைனுக்கு ஏற்பக் குறைந்து, அடிவானத்தில் ஒன்றுமில்லாமல் போகும். அதனால் படத்தை 10 பாகை வளையங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வளையத்திலும் வானம் எவ்வளவு என்று பார்த்து, அந்த வளையத்தின் எடையால், அதாவது மொத்தக் கதிரில் அதற்குள்ள பங்கால், பெருக்கிக் கூட்ட வேண்டும். வெளிக்கோணத்தின் சைன் வர்க்கத்திலிருந்து உள்கோணத்தின் சைன் வர்க்கத்தைக் கழித்தால் எடை. 40 முதல் 50 பாகை வளையத்துக்கு 0.174. அடிவானத்தை ஒட்டிய 80–90 வளையத்துக்கு வெறும் 0.030, ஆனால் அதே வளையம் படத்தில் 21 சதவீத பிக்சல்களை அடைத்துக்கொண்டிருக்கும். எடை போடாமல் எண்ணுகிறவர் தூரத்து மதில்களுக்கும் வீடுகளுக்கும் ஏழு மடங்கு மதிப்புக் கொடுத்துவிடுகிறார். ‘விகிதம்’ என்ற சொல் அவரை அந்தப் பக்கமே கைப்பிடித்து அழைத்துப் போகும்.

படமெடுப்பதிலும் கவனம் வேண்டும். முக்காலியில் ரசமட்டம் பார்த்து லென்ஸை நேர் மேலே திருப்பி, எடுப்பவர் லென்ஸுக்குக் கீழே குனிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவர் தலையும் ஒரு கட்டடமாகப் பதிவாகும். வானம் சீராக மூடியிருக்கும் நேரமோ, சூரியன் உதிக்குமுன் வெளிச்சம் பரவும் நேரமோ நல்லது. வெயிலில் எடுத்தால் வெள்ளையடித்த சுவரை மென்பொருள் வானம் என்று எடுத்துக்கொள்ளும். நம் ஊர்த் தெருக்களில் இது அடிக்கடி நேரும். நீல அலைவரிசையை மட்டும் வைத்துப் பிரித்துப் பார்த்தாலும், கடைசியில் கண்ணால் ஒருமுறை சரிபார்க்காமல் விடக்கூடாது.

இனி சொல்லுக்கு வருகிறேன். ‘வியூ’ என்பதற்குப் ‘பார்வை’ என்றே வைக்கலாம். தரைக்குக் கண் ஏது, அது எப்படிப் பார்க்கும் என்று கேட்பீர்கள். தமிழில் பார்க்கும்! ‘கிழக்குப் பார்த்த வீடு’, ‘தெற்குப் பார்த்த மனை’ என்று நாள்தோறும் சொல்கிறோம். மழையை நம்பிய நிலம் ‘வானம் பார்த்த பூமி’. ஒரு பரப்பு எதை நோக்கி முகம் கொடுத்து நிற்கிறது என்பதற்குக் கொத்தனாரும் உழவரும் வைத்திருக்கும் வினை ‘பார்’. கதிர்ப் பரிமாற்றக் கணக்கிலும் இதுதான் பொருள். ஆகவே முற்பகுதி ‘வான்பார்வை’.

பிற்பகுதிக்கு ‘குணகம்’ வைக்கலாமா? உராய்வுக் குணகம் போலப் பொருளின் தன்மையை அது சுட்டும். இங்கே செங்கல்லா கண்ணாடியா என்பது கணக்கிலேயே இல்லை, வடிவம் மட்டுமே. ‘ஒளிவிலகல் எண்’ பள்ளிப் பாடத்திலேயே பழகியது, அலகில்லாத அளவு. அந்த வழியில் ‘வான்பார்வை எண்’.

————

ஏற்கிறேன் அம்மா. ‘பார்த்த’ என்ற வழக்கு எனக்குத் தோன்றவே இல்லை. இதில் கிளைச்சொற்களும் எளிதாக வந்துவிடுகின்றன: சுவர்பார்வை எண், மரப்பார்வை எண். மூன்றையும் கூட்டினால் 1 வரவேண்டும். வராவிட்டால் வளையக் கணக்கில் பிழை என்று மாணவரே பிடித்துவிடலாம்.

சொல்லடைவில் சேர்க்கும்போது இரண்டு குறிப்புகளை விளக்கத்திலேயே வைத்துவிட வேண்டுகிறேன். ஒன்று, ‘தெருவின் வான்பார்வை எண்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதக்கூடாது. நான் சொன்ன அதே தெருவில் நடுவே 0.45, சுவரடியில் 0.35. எந்தப் புள்ளி, தரையிலிருந்து லென்ஸ் எவ்வளவு உயரம் என்பது கூடவே வரவேண்டும்.

மற்றது, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டிம் ஓக் 1981-இல் தந்த சமன்பாடு. 15.27-இலிருந்து 13.88 × வான்பார்வை எண்ணைக் கழித்தால், காற்றில்லாத, மேகமில்லாத இரவில் நகரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்துக்கும் இருக்கக்கூடிய உச்ச வெப்ப வேறுபாடு வரும். 0.45 போட்டால் 9 டிகிரி. அது மிதவெப்ப மண்டல நகரங்களை வைத்துக் கண்டது. சென்னை போன்ற கடலோர ஊரில் இரவுக் காற்றின் ஈரமே வெப்பக் கதிரைக் கீழே திருப்பி அனுப்பும். தெரு எவ்வளவு வானம் பார்த்தாலும் அவ்வளவு ஆறாது. அந்தச் சமன்பாட்டை அப்படியே இங்கே பொருத்தி எழுதிய எண்களை ஏற்கக்கூடாது.

மரத்தடிக் கணக்குதான் எனக்கு இன்னும் நெருடுகிறது. வேப்பமரத்தின் இலையிடுக்கில் தெரியும் வானத்தை வான்பார்வையில் சேர்ப்பதா, மரப்பார்வையில் சேர்ப்பதா? படத்தின் பிக்சல் அளவு மாறினால் விடையும் மாறுகிறது. வானில் சேர்ப்பதே முறை என்பது என் கருத்து. ஆனால் படத்தின் பிக்சல் அளவைக் குறிப்பிடாமல் எண்ணைத் தரக்கூடாது. மற்றவர்கள் சொல்லுங்கள்.